கையடக்கத் தொலைபேசி ஒப்பந்தம்: நன்மைகளும் தீமைகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) வணிகப் பாடத்துக்கும் கணித பாடத்துக்கும் உதவும் துணைப்பாடம்

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் நீங்கள்
• முற்கொடுப்பனவு, பிற்கொடுப்பனவு இணைப்புகளை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• ஒப்பந்தம் ஒன்றின் அடிப்படை அம்சங்களை விளக்குவீர்கள்.
• ஒப்பந்த இணைப்பின் நன்மை தீமைகளை உதாரணத்துடன் எடுத்துரைப்பீர்கள்.
• ஒப்பந்தம் ஒன்றின் மொத்தச் செலவைக் கணித்துப் பொருத்தமான தெரிவை மேற்கொள்வீர்கள்.

1. அறிமுகம்

பரீட்சை முடிந்ததும் வீட்டில் எழும் முதற் கோரிக்கை பெரும்பாலும் ஒரு கையடக்கத் தொலைபேசியாகவே இருக்கும். அதே காலத்தில் அண்ணனோ அக்காவோ புதிதாக வேலையில் சேர்ந்து, வரப்போகும் சம்பளத்தை நம்பி ஏதோவொரு படிவத்தில் கையொப்பமிட்டிருப்பார். தொலைபேசி கைக்கு வந்த நாளில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பத்து மாதங்களின் பின் வேலை இல்லாமற் போயும் கட்டணப் பட்டியல் மட்டும் தவறாமல் வரும்போதுதான், அன்று கையொப்பமிட்ட படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று தேடுவார்கள்.

படிவத்தை வாசிக்க வேண்டிய நேரம் கையொப்பமிடுவதற்கு முன்னரே. இப்பாடம் முழுவதும் அந்த ஒரு விடயத்தையே வலியுறுத்துகிறது.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989 இல் செல்டெல் நிறுவனத்துடன் ஆரம்பமானது. 1995 இல் டயலொக் சேவை தொடங்கியதுடன் எண்ணிம முறையிலான ஜி.எஸ்.எம். தொழினுட்பம் அறிமுகமானது. பின்னர் பல நிறுவனங்கள் சந்தையில் போட்டியிட்டன. 2018 இல் எடிசலாட் ஹட்ச் நிறுவனத்துடனும், 2024 இல் எயார்டெல் டயலொக் நிறுவனத்துடனும் இணைந்தன. இதனால் டயலொக், எஸ்.எல்.ரி.-மொபிட்டெல், ஹட்ச் ஆகிய மூன்றுமே இன்று எஞ்சியுள்ளன. விற்போர் குறையும்போது வாங்குவோரின் தெரிவும் குறைகிறது. எனவே, இருக்கும் தெரிவுகளை நன்கு ஒப்பிட்டுப் பார்ப்பது முன்னரைவிட அவசியமாகிறது.

2. இருவகை இணைப்புகள்

முற்கொடுப்பனவு இணைப்பு: பணத்தை முதலிற் செலுத்திப் பின்னர் சேவையைப் பெறுதல். ரீலோட் செய்த தொகை முடிந்ததும் அழைப்பெடுக்க முடியாது. மாத வாடகை கிடையாது. இலங்கையில் பெரும்பான்மையானோர் இவ்வகை இணைப்பையே பாவிக்கின்றனர்.

பிற்கொடுப்பனவு இணைப்பு: சேவையை முதலிற் பெற்றுப் பின்னர் பணம் செலுத்துதல். மாத முடிவில் கட்டணப் பட்டியல் வரும். மாத வாடகை உண்டு. நிறுவனம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் கடன் எல்லை ஒன்றை விதிக்கும். இணைப்பைப் பெறும்போது அடையாள அட்டை, முகவரிச் சான்று, சிலவேளை வைப்புப் பணம் ஆகியன கோரப்படும்.

பிற்கொடுப்பனவு இணைப்பும் எல்லா வேளைகளிலும் நீண்டகால ஒப்பந்தம் அல்ல. நிலுவையைத் தீர்த்துவிட்டு எப்போதும் விலகக்கூடிய இணைப்புகளும் உண்டு. 12 அல்லது 24 மாதங்களுக்குக் கட்டாயம் தொடர வேண்டியவையும் உண்டு. தொலைபேசிக் கருவியும் சேர்த்து வழங்கப்படும்போது இக்கட்டாயக் காலம் பெரும்பாலும் இருக்கும். இப்பாடத்தில் நாம் விசேடமாக ஆராய்வது இந்த வகையையே.

3. ஒப்பந்தம் என்றால் என்ன?

சட்டத்தினால் நடைமுறைப்படுத்தக்கூடிய இணக்கப்பாடே ஒப்பந்தமாகும். இலங்கையில் ஒப்பந்தங்கள் தொடர்பான பொதுவான விடயங்களுக்கு உரோமன் டச்சுச் சட்டம் அடிப்படையாக உள்ளது. ஒப்பந்தம் ஒன்று செல்லுபடியாவதற்குப் பின்வருவன வேண்டும்.

(அ) ஒரு தரப்பினர் முன்வைக்கும் முன்மொழிவும் மறுதரப்பினரின் ஏற்பும்.
(ஆ) இரு தரப்பினரினதும் உண்மையான சம்மதம். ஏமாற்றியோ அச்சுறுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது.
(இ) சட்டத்துக்கு முரணற்ற நோக்கம்.
(ஈ) ஒப்பந்தம் செய்யும் தகைமை.

நான்காவது அம்சம் உங்களை நேரடியாகப் பாதிப்பது. 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி இலங்கையில் பராய வயது 18 ஆகும். அதற்குக் குறைந்த வயதினர் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் உதவியின்றிச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் தேசிய அடையாள அட்டை கைக்குக் கிடைத்துவிடுகிறது. அடையாள அட்டை கிடைத்துவிட்டது என்பதால் ஒப்பந்தம் செய்யும் தகைமையும் கிடைத்துவிட்டதாகக் கருதுதல் தவறு. உங்களுக்கான இணைப்பைத் தந்தையோ தாயோ தம் பெயரிலேயே பெறுவார். எனவே பாவிப்பவர் நீங்கள், கடனாளி அவர். மாதக் கடைசியில் வரும் பட்டியலில் உங்கள் பெயர் இராது.

கையொப்பம் இட்டாற்றான் ஒப்பந்தம் என்று எண்ணவும் கூடாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி இலத்திரனியல் முறையிலும் ஒப்பந்தம் ஏற்படலாம். கிரிக்கெட் செய்தி, சோதிட பலன், அழைப்பு மெட்டு போன்ற சேவைகளுக்கு ஒரு குறுந்தகவலிலோ ஓர் அழுத்தத்திலோ ‘ஆம்’ என்று கூறுவதும் சம்மதமே. அதன்பின் நாளாந்தம் சிறு தொகை கழிக்கப்படும். நாளொன்றுக்கு ரூபா 5 எனினும் ஆண்டுக்கு ரூபா 1,825 ஆகிறது.

4. ஒப்பந்த இணைப்பின் நன்மைகள்

1. பெருந்தொகையை ஒரேயடியாகச் செலுத்த வேண்டியதில்லை. கருவியின் விலை தவணைகளாகப் பகிரப்படுகிறது. தொழிலுக்கு உடனடியாகத் தொலைபேசி தேவைப்படும் ஒருவருக்கு இது பேருதவி.
2. அதிகம் பேசுவோருக்கும் அதிக தரவு பாவிப்போருக்கும் ஓர் அலகுக்கான செலவு குறையலாம்.
3. மாதச் செலவை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். குடும்ப வரவு செலவுத் திட்டம் தயாரிப்பது இலகுவாகிறது.
4. பேச்சின் நடுவில் பணம் முடிந்து அழைப்பு துண்டிக்கப்படாது. நள்ளிரவில் நோயாளியுடன் வைத்தியசாலைக்குச் செல்லும்போது ரீலோட் கடை தேட வேண்டியதில்லை.
5. விபரமான கட்டணப் பட்டியல் கிடைக்கிறது. தொலைபேசிச் செலவை இலாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டிய வியாபாரிக்கு இது மூல ஆவணமாகப் பயன்படும்.
6. சேவையைப் பெற்ற பின்னரே பணம் செலுத்துவதால் குறுகியகாலக் கடன் வசதி ஒன்று கிடைக்கிறது.

5. ஒப்பந்த இணைப்பின் தீமைகள்

1. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மாத வாடகை செலுத்த வேண்டும். இது நிலையான செலவு. எஞ்சிய இலவச நிமிடங்களும் தரவும் பெரும்பாலும் காலாவதியாகிவிடும்.
2. கட்டாயக் காலம் முடியும்வரை விலக முடியாது. விலகினால் தண்டப்பணமோ எஞ்சிய தவணைகளோ செலுத்த நேரிடும்.
3. மலிவான புதிய பொதி சந்தைக்கு வந்தாலும் அதற்கு மாற முடியாது. இவ்வாறு கைவிடப்படும் அடுத்த சிறந்த வாய்ப்பே அமையச் செலவு ஆகும்.
4. செலவுக்கு இயல்பான தடை இல்லை. முற்கொடுப்பனவில் பணம் முடிந்ததும் அழைப்பு நின்றுவிடும். பிற்கொடுப்பனவில் கடன் எல்லைவரை செலவு ஏறிக்கொண்டே போகும்.
5. தொலைபேசி தொலைந்தாலும் நீரில் விழுந்து பழுதானாலும் தவணை நிற்பதில்லை.
6. வீடு மாறி, புதிய இடத்தில் சமிக்ஞை கிடைக்காவிட்டாலும் ஒப்பந்தம் தொடரும்.
7. கையொப்பமிட்டவரே பொறுப்பாளி. நண்பனுக்காகத் தன் பெயரில் இணைப்பெடுத்துக் கொடுத்தவர், நண்பன் பணம் கட்டத் தவறினால் தாமே கட்ட வேண்டும். நட்பு முறிந்தாலும் ஒப்பந்தம் முறியாது.

6. கணக்கிட்டுப் பார்ப்போம்

(பின்வரும் கட்டணங்கள் யாவும் பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.)

6.1 எந்த இணைப்பு இலாபகரமானது?

முற்கொடுப்பனவு: நிமிடத்துக்கு ரூபா 3.00. மாத வாடகை இல்லை.
பிற்கொடுப்பனவு: மாத வாடகை ரூபா 450. நிமிடத்துக்கு ரூபா 1.50.

மாதாந்தச் செலவு
100 நிமிடம்: முற்கொடுப்பனவு ரூபா 300, பிற்கொடுப்பனவு ரூபா 600
200 நிமிடம்: முற்கொடுப்பனவு ரூபா 600, பிற்கொடுப்பனவு ரூபா 750
300 நிமிடம்: முற்கொடுப்பனவு ரூபா 900, பிற்கொடுப்பனவு ரூபா 900
400 நிமிடம்: முற்கொடுப்பனவு ரூபா 1,200, பிற்கொடுப்பனவு ரூபா 1,050
500 நிமிடம்: முற்கொடுப்பனவு ரூபா 1,500, பிற்கொடுப்பனவு ரூபா 1,200

இரண்டும் சமனாகும் புள்ளியைப் பின்வருமாறு காணலாம்.
ஒரு நிமிடத்தில் மீதமாகும் தொகை = 3.00 − 1.50 = ரூபா 1.50
வாடகையை ஈடுசெய்யத் தேவையான நிமிடங்கள் = 450 ÷ 1.50 = 300

எனவே மாதம் 300 நிமிடங்களுக்கு மேற் பேசுபவருக்கே பிற்கொடுப்பனவு இலாபகரமானது. ‘நிமிடத்துக்கு அரைவாசிக் கட்டணம்’ என்ற விளம்பரம் பொய்யன்று. ஆயினும் 100 நிமிடம் பேசும் ஒருவருக்கு அந்த அரைவாசிக் கட்டணம் இரு மடங்கு செலவாகிவிடுகிறது.

இவ்விரு இணைப்புகளையும் ஒரே வரைபுத்தாளில் நேர்கோடுகளாக வரைந்து பாருங்கள். கோடுகள் இடைவெட்டும் புள்ளியே சமநிலைப் புள்ளியாகும். பிற்கொடுப்பனவுக் கோட்டின் வெட்டுத்துண்டு மாத வாடகையையும் படித்திறன் நிமிடக் கட்டணத்தையும் குறிக்கும்.

6.2 தொலைபேசியுடன் கூடிய 24 மாத ஒப்பந்தம்

கடையில் ரூபா 60,000 பெறுமதியான தொலைபேசி ஒன்றை, ஆரம்பத்தில் ரூபா 12,000 செலுத்தி, பின்னர் மாதம் ரூபா 3,500 வீதம் 24 மாதங்கள் செலுத்துவதாக ஒப்பந்தம் செய்து பெறலாம். இந்த மாதக் கட்டணத்தில் சேவையும் அடங்கும். அதே அளவு சேவையைத் தனியாகப் பெற்றால் மாதம் ரூபா 1,200 செலவாகும்.

ஒப்பந்தத்தின் மொத்தச் செலவு
ஆரம்பக் கொடுப்பனவு = ரூபா 12,000
தவணைகள் = 3,500 × 24 = ரூபா 84,000
மொத்தம் = ரூபா 96,000

தனித்தனியாகப் பெறும் செலவு
தொலைபேசி = ரூபா 60,000
சேவை = 1,200 × 24 = ரூபா 28,800
மொத்தம் = ரூபா 88,800

வித்தியாசம் = ரூபா 7,200

இந்த ரூபா 7,200 எதற்காக? கையில் ரூபா 12,000 மட்டுமே இருந்த ஒருவருக்கு எஞ்சிய ரூபா 48,000 கடனாக வழங்கப்பட்டுள்ளது. ரூபா 7,200 அக்கடனுக்கான வட்டியாகும். படிவத்தில் ‘வட்டி’ என்ற சொல் இல்லாவிட்டாலும் உண்மை அதுவே.

குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி வீதத்தைக் கணித பாடத்திற் கற்ற முறைப்படி காண்போம்.
ஒரு மாதத்திற் செலுத்தும் கடன் பகுதி = 48,000 ÷ 24 = ரூபா 2,000
மாத அலகுகளின் எண்ணிக்கை = 24 × 25 ÷ 2 = 300
ஒரு மாத அலகுக்கான வட்டி = 7,200 ÷ 300 = ரூபா 24
ஆண்டு வட்டி வீதம் = (24 ÷ 2,000) × 12 × 100 = 14.4%

இப்போது நியாயமான கேள்வியைக் கேட்கலாம். ரூபா 48,000 ஐ 14.4% இலும் குறைந்த வட்டிக்கு வேறெங்காவது பெற முடியுமா? அல்லது சில மாதங்கள் பொறுத்துச் சேமித்து வாங்க முடியுமா? இரண்டும் முடியாதெனின், அத்தொலைபேசி வருமானம் தேடித் தருவதாயின், இவ்வொப்பந்தம் தவறான தெரிவு அன்று. அயலவரிடம் இருப்பதாற் தானும் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக எடுப்பதாயின், ரூபா 7,200 அந்த ஆசையின் விலையாகும்.

6.3 இடையில் விலக நேர்ந்தால்

பத்தாம் மாத முடிவில் வேலை இழந்த ஒருவர் ஒப்பந்தத்திலிருந்து விலக விரும்புகிறார் எனக் கொள்வோம். எஞ்சிய மாதங்களின் தொலைபேசித் தவணைகளை ஒரே தடவையிற் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

மாதத் தவணையில் தொலைபேசிக்குரிய பங்கு = 3,500 − 1,200 = ரூபா 2,300
எஞ்சிய 14 மாதங்களுக்கு = 2,300 × 14 = ரூபா 32,200
ஏற்கெனவே செலுத்தியது = 12,000 + (3,500 × 10) = ரூபா 47,000
மொத்தம் = ரூபா 79,200

தனியாக வாங்கியிருந்தால் = 60,000 + (1,200 × 10) = ரூபா 72,000
வித்தியாசம் = ரூபா 7,200

கவனியுங்கள். 24 மாதத்துக்கான வட்டி முழுவதையும் 10 மாதங்களிலேயே அவர் செலுத்திவிட்டார். முன்கூட்டித் தீர்த்ததற்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. அத்துடன் வருமானம் நின்றுபோன மாதத்திலேயே ரூபா 32,200 ஐத் தேட வேண்டியுள்ளது. மாதம் ரூபா 3,500 செலுத்த முடியாததாலேயே அவர் விலக எண்ணினார். விலகுவதற்கு அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் வேண்டும். ஒப்பந்தத்தின் உண்மையான பாரம் தெரிவது இவ்விடத்திலேயே.

7. ‘மாறாத’ கட்டணம் மாறிய காலம்

ஒப்பந்தம் செய்தால் கட்டணம் மாறாது என்று பலர் நம்புகின்றனர். விளம்பரங்களில் ‘வரிகள் நீங்கலாக’ என்ற சொற்கள் சிறிய எழுத்தில் இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பெறுமதி சேர் வரி எவ்வாறு உயர்ந்தது என்பதைப் பாருங்கள்.

2022 மே வரை: 8%
2022 யூன் முதல்: 12%
2022 செப்தெம்பர் முதல்: 15%
2024 சனவரி முதல்: 18%

2022 சனவரியில் 24 மாத ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட ஒருவர், ஒப்பந்தம் முடிவதற்குள் இரு வரி உயர்வுகளைச் சந்தித்தார். அது முடிந்த மாதத்தில் மூன்றாவது உயர்வும் வந்தது. இதற்கு மேலாக, 2022 செப்தெம்பரில் தொலைபேசிக் கட்டணங்களை 20% ஆல் உயர்த்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. முற்கொடுப்பனவுப் பாவனையாளரையும் இவ்வுயர்வுகள் பாதித்தன. ஆயினும் அவர் பேச்சைக் குறைத்துச் செலவைக் குறைக்கலாம். ஒப்பந்தத்தில் இருப்பவரோ வாடகையைக் குறைக்க முடியாது.

எனவே கட்டணத்தை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, மாற்றினால் தண்டப்பணமின்றி விலக முடியுமா என்ற இரு கேள்விகளுக்கும் படிவத்தில் விடை தேட வேண்டும்.

8. நுகர்வோர் பாதுகாப்பு

1962 மார்ச் 15 ஆம் திகதி அமெரிக்க சனாதிபதி கென்னடி, பாதுகாப்பு, தகவல் அறிதல், தெரிவு செய்தல், செவிமடுக்கப்படுதல் ஆகிய நான்கு நுகர்வோர் உரிமைகளை எடுத்துரைத்தார். இதனாலேயே மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமைகள் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. தொலைபேசி ஒப்பந்தத்தில் இந்நான்கினுள் ‘தகவல் அறிதல்’ முதன்மையானது.

இலங்கையில் நுகர்வோருக்குத் துணைநிற்கும் சட்டங்களும் நிறுவனங்களும்:

• தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு: 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தைத் திருத்திய 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. கட்டணங்களையும் சேவையையும் மேற்பார்வை செய்கிறது.
• நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை இச்சட்டம் தடைசெய்கிறது. பொருள் விற்கப்பட்டு அல்லது சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்திற் சமர்ப்பிக்க வேண்டும்.
• 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம்: ஒரு தரப்பினர் தம் பொறுப்பிலிருந்து நழுவுவதற்காகச் சேர்க்கும் நியதிகளுக்கு வரம்பிடுகிறது.

முறைப்பாடு செய்யும்போது முதலிற் சேவை வழங்கும் நிறுவனத்துக்கே எழுத்தில் அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப் பிரதியும் பற்றுச்சீட்டுகளும் இல்லாத முறைப்பாடு வலுவற்றது.

ஒப்பீட்டுக்கு: கனடாவில் வசிக்கும் உங்கள் உறவினர்கள் பலர் தொலைபேசி ஒப்பந்தத்தில் இருப்பர். அந்நாட்டில் 2013 திசெம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பியில்லாச் சேவைக் கோவையின்படி, ஒப்பந்தம் செய்து இரண்டு ஆண்டுகளின் பின் தண்டப்பணம் எதுவுமின்றி விலகலாம். மேலதிக தரவுக்கான கட்டணம் மாதம் 50 டொலரைத் தாண்ட வேண்டுமாயின் வாடிக்கையாளரின் சம்மதம் தேவை. நிறுவனம் நிபந்தனை விதிக்கலாம். அந்நிபந்தனைக்கு அரசு எல்லை விதிக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

9. கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய வினாக்கள்

1. கட்டாயக் காலம் எத்தனை மாதம்?
2. வரிகள் உட்பட மாதம் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? முழுக் காலத்துக்கும் எவ்வளவு?
3. இடையில் விலகினால் செலுத்த வேண்டியது என்ன?
4. வைப்புப் பணம் எப்போது மீளளிக்கப்படும்?
5. கடன் எல்லை எவ்வளவு? அதனைக் குறைத்து வைக்கலாமா?
6. தொலைபேசி தொலைந்தால் அல்லது பழுதடைந்தால் தவணை தொடருமா?
7. காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகவே நீடிக்குமா?
8. வீட்டிலும் வேலைத்தலத்திலும் சமிக்ஞை போதுமானதா? (நண்பரின் சிம் அட்டை மூலம் சோதித்துப் பார்க்கலாம்.)

விற்பனையாளர் வாயால் தரும் உறுதிமொழி படிவத்தில் இல்லையெனின் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுப்பாராயின் அவ்வுறுதிமொழியை நம்பி முடிவெடுக்காதீர்கள். கையொப்பமிட்ட படிவத்தின் பிரதியைப் பெற்றுப் பாதுகாத்து வையுங்கள்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: தையல் நிலையம் நடத்தும் ஒருவர் ஆண்டில் 8 மாதங்கள் மாதத்துக்கு 450 நிமிடங்களும், வேலை குறைந்த 4 மாதங்கள் மாதத்துக்கு 150 நிமிடங்களும் பேசுகிறார். முற்கொடுப்பனவில் நிமிடத்துக்கு ரூபா 2.50. பிற்கொடுப்பனவில் மாத வாடகை ரூபா 500 உம் நிமிடத்துக்கு ரூபா 1.25 உம் ஆகும். பிற்கொடுப்பனவு இணைப்பை 12 மாதங்களுக்கு முன்னர் நிறுத்த முடியாது.
(அ) சமநிலை நிமிடங்களின் எண்ணிக்கையைக் காண்க.
(ஆ) இரு இணைப்புகளினதும் ஆண்டுச் செலவைக் காண்க.
(இ) எதனைச் சிபாரிசு செய்வீர்? காரணம் தருக.

விடை:
(அ) 500 ÷ (2.50 − 1.25) = 400 நிமிடங்கள்

(ஆ) முற்கொடுப்பனவு
8 மாதங்கள்: 450 × 2.50 × 8 = ரூபா 9,000
4 மாதங்கள்: 150 × 2.50 × 4 = ரூபா 1,500
ஆண்டுச் செலவு = ரூபா 10,500

பிற்கொடுப்பனவு
8 மாதங்கள்: (500 + 562.50) × 8 = ரூபா 8,500
4 மாதங்கள்: (500 + 187.50) × 4 = ரூபா 2,750
ஆண்டுச் செலவு = ரூபா 11,250

(இ) முற்கொடுப்பனவு இணைப்பைச் சிபாரிசு செய்யலாம். வேலை கூடிய 8 மாதங்களில் பிற்கொடுப்பனவினால் ரூபா 500 மீதமானாலும், வேலை குறைந்த 4 மாதங்களில் ரூபா 1,250 மேலதிகமாகச் செலவாகிறது. ஆண்டு முழுவதற்கும் ரூபா 750 நட்டம் ஏற்படும்.

பரீட்சகர் குறிப்பு: சமநிலைப் புள்ளியை மட்டும் கண்டு, 450 நிமிடம் 400 ஐ விட அதிகம் என்பதால் பிற்கொடுப்பனவே சிறந்தது என எழுதுதல் மாணவர் விடும் பொதுவான தவறு. ஒப்பந்தம் ஓர் ஆண்டுக்குரியதாயின் கணக்கும் ஓர் ஆண்டுக்குரியதாக இருக்க வேண்டும். நல்ல மாதத்தை மட்டும் நினைத்துக் கையொப்பமிடுவோர் வாழ்க்கையிலும் இதே தவற்றையே விடுகின்றனர்.

11. பயிற்சி

சரியான விடையைத் தெரிவு செய்க.

1. இலங்கையில் ஒருவர் பராயமடையும் வயது
(1) 15 (2) 16 (3) 18 (4) 21

2. பிற்கொடுப்பனவு இணைப்பின் மாத வாடகை எவ்வகைச் செலவு?
(1) மாறும் செலவு (2) நிலையான செலவு (3) மூலதனச் செலவு (4) அமையச் செலவு

3. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்ய வேண்டிய காலம்
(1) ஒரு வாரம் (2) ஒரு மாதம் (3) மூன்று மாதம் (4) ஓர் ஆண்டு

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (3)

செயற்பாடு: உங்கள் வீட்டிலுள்ள ஒரு தொலைபேசி இணைப்பின் கடந்த மூன்று மாதச் செலவைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியற்படுத்துங்கள். அவர்களது பாவனைக்கு எவ்வகை இணைப்பு பொருத்தமானது எனக் கணித்து, முடிவை அவர்களுக்கே விளக்கிக் கூறுங்கள்.

நினைவிற் கொள்க

• மாதத் தவணையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முழுக் காலத்துக்கான மொத்தத்தைப் பாருங்கள்.
• இணையும் செலவைப் போலவே விலகும் செலவையும் கேளுங்கள்.
• பிறருக்காக உங்கள் பெயரிலோ, உங்களுக்காகப் பிறர் பெயரிலோ எடுக்கும் இணைப்பு, பெயருக்குரியவரின் கடனாகும்.
• ஒப்பந்தம் தானாக நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. நிலையான வருமானமும் நிலையான தேவையும் உள்ளவருக்கு அது வசதி. இவ்விரண்டில் ஒன்று இல்லாதவருக்கு அது சுமை.